இடைவேளை இல்லாத மேட்டினி

அந்த வியாழக்கிழமை மேட்டினிக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். டவுன் ஜனம் ஒரு அறுபது பேர் இருக்கும். மேனேஜர் ஜமால் சார் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் போட்ட தன் மர நாற்காலியில் இருந்தார். கேன்டீனில் நசீர் பாய் இருந்தார். மேலே கேபினில் நான் இருந்தேன். இல்லாதவர் ஒரே ஒருவர்தான்: கதவில் நின்று டிக்கெட் கிழிக்கும் ஏழுமலை அண்ணன். திருநாவலூரில் அவருடைய அக்கா பேத்திக்குக் காதுகுத்து. அவர் இல்லை என்பதைக் காலையில் யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டரில் ஒன்பது வருடம் ஆப்பரேட்டராக இருந்தவன் நான். முப்பத்திரண்டு வயதில் ‘ரிட்டயர்டு ஆப்பரேட்டர்’ என்று சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மை. தியேட்டர் கைமாறி, இடித்து, இப்போது இரண்டு சின்னத் திரைகளாகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் நேரத்தைப் போட்டுவிட்டால் ஷோ தானாகவே ஆரம்பித்துத் தானாகவே முடிகிறது. நான் இப்போது பால் குளிரூட்டும் நிலையத்தில் எலக்ட்ரீஷியன்.

போன மாதம் அந்தப் புது தியேட்டரில் வேலை பார்க்கும் இரண்டு தம்பிகள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணே, படம் அதுவா ஓடுது, அதுவா நிக்கிது. அந்த ரூம்லயே ஒம்போது வருஷம் உக்காந்துக்கினு இன்னாதான் பண்ணீங்க?”

“படம் கெடாம பாத்துக்கினேன்” என்றேன்.

“கெட்டுப் போறதுக்கு அது இன்னா பாலா?”

நான் வேலை பார்க்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வூட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நைனார்பாளையம் பக்கம் எங்களுக்குக் குத்தகை நிலம். அப்பா கைநாட்டு. அம்மாவும் அப்படித்தான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போய், ஐ.டி.ஐ. முடித்து, சர்டிபிகேட்டைக் கையில் வாங்கியது நான்தான். பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் மெஷின் வந்த சமயத்தில் தியேட்டரில் ஆள் கேட்டார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் நானே ஷோ ஓட்டினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். “படம் காட்டறதுக்கா இத்தினி வருஷம் படிக்க வச்சேன்” என்று அப்பா கேட்டார். பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

முதலில் ஒரு கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேபினுக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். மெஷினின் வெளிச்சம் அதன் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. நான் சேர்ந்த முதல் வருடம் முழுக்க ஜனங்கள் ஒரே குறை சொன்னார்கள்: “படம் மங்கலா கீது.” ஓனர் விளக்கு பழசாகிவிட்டது என்றார். மாற்றவும் மாட்டேன் என்றார். கம்பெனிக்குப் போன் செய்தால் அவர்களும் விளக்கு என்றார்கள். இருட்டுக் காட்சி வந்தால் கதாநாயகி எது, கதவு எது என்று தெரியாது. “கரண்ட் கட்டா, கதையே இப்பிடியா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

ஒருநாள் மத்தியானம், மெஷினை நிறுத்தியிருந்த நேரம், அந்தக் கண்ணாடியில் விரலை வைத்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். சமோசா வாசனை. கேபினுக்கு நேர் கீழே நசீர் பாயின் எண்ணெய்ச் சட்டி. எத்தனை வருட எண்ணெய்ப் புகையோ, என் பக்கம் லேசாகவும் ஹால் பக்கம் தோலாகவும் கண்ணாடி மேல் படிந்திருந்தது. சாரம் கட்டி ஏறி, வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தேன். அன்று மாலைக் காட்சியில் திரையைப் பார்த்த ஜமால் சார் மேலே ஏறி வந்து, “புது விளக்கு போட்டியா? யாரு காசு குடுத்தாங்க?” என்று கேட்டார். துடைத்த துணியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கீழே கேன்டீனைப் பார்த்தார், இறங்கிப் போனார். மறுநாள் எண்ணெய்ச் சட்டி பின்பக்கம் போய்விட்டது. நசீர் பாய் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு ஷோவுக்கும் ஒரு பக்கம். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், சத்தம் எத்தனையில் வைத்தேன், என்ன கெட்டது, எதனால் கெட்டது. யாரும் கேட்காமல் எழுதியதுதான். எங்கள் வூட்டில் ஒருவன் எழுதி நிரப்பிய முதல் நோட்டு அது. ஒன்பது வருடத்தில் நாற்பதுக்கு மேல் ஆனது.

ஜமால் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். மூன்று அண்ணன் தம்பிகளுக்குக் கடை போதாமல் இவர் தியேட்டர் நிர்வாகத்துக்கு வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைக் காலருக்குள் ஒரு கட்டம் போட்ட கைக்குட்டை. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘ங்க’ போட்டுப் பேசுவார். “மணி சார், கொஞ்சம் கீழ வரீங்களா” என்று என்னைக் கூப்பிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். கடைசியில் உட்கார்ந்து ஜனங்களின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணிக்கடையில் புடவையை விரித்துப் போட்டுவிட்டு வாங்க வந்தவர் முகத்தைப் பார்க்கிற பழக்கம். எந்த இடத்தில் ஜனம் இருமுகிறது, எங்கே போன் வெளிச்சம் எழுகிறது, எங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று கணக்கு வைத்திருப்பார். “மணி, ரெண்டாவது பாட்டுல இருமல் ஜாஸ்தியா கீதுபா” என்பார். அடுத்த ஷோவில் அந்தப் பாட்டு இருக்காது.

எங்களுக்குள் சண்டை அங்கேதான். அந்த இடம் வந்ததும், படத்தை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டரில் முன்னே தாவச் சொல்வார். ஆப்பரேட்டர் தாவ வேண்டும். ஒரு பாட்டைத் தூக்கினால் ஐந்து நிமிடம் மிச்சம். நான் தாவுவேன், நோட்டில் எழுதிவைப்பேன்: ‘இரண்டாவது பாட்டு போடவில்லை. மேனேஜர் உத்தரவு.’ ஒருநாள் அதை அவர் படித்துவிட்டார்.

“இன்னாங்க மணி சார், எம்பேரப் போட்டு எழுதி வச்சிருக்கீங்க?”

“நடந்தத எழுதினேன் சார்.”

“நடந்துச்சி, சரி. என் பேரு எதுக்கு?”

“நான் பண்ணேன்னு ஆயிடக் கூடாது சார்.”

அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு, “எளுத்து நல்லா கீது” என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டு வெட்டுவது நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெட்டச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்.

இன்னொரு வழக்கம், பாட்டு வெட்டுவதைவிட மோசமானது. வெளியே போகிற நாலு கதவும் ஹாலின் மேற்குச் சுவரில் இருந்தன. படம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போதே ஏழுமலை அண்ணன் நாலையும் திறந்துவிடுவார். ஜனம் சீக்கிரம் வெளியேறினால் சீக்கிரம் பெருக்கலாம், அடுத்த காட்சிக்கு ஆளை விடலாம். திறந்ததும் வெளிச்சம் உள்ளே வரும், திரை வெளுத்துவிடும், பாதிப்பேர் எழுந்து நின்று செருப்பைத் தேடுவார்கள். உட்கார்ந்திருப்பவன் எழுந்தவனின் முதுகில்தான் க்ளைமாக்ஸ் பார்க்க வேண்டும். மேட்டினியில் இன்னும் மோசம். ஐந்து மணி வெயில் நேராகத் திரையில் வந்து விழும். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “எட்டு நிமிசம் மணி. நாலு ஷோவுக்கு எவ்ளோ ஆச்சி, நீயே கூட்டு” என்பார் ஜமால் சார்.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்தச் சின்னப் படம் வந்தது. பெரிய நடிகர்கள் யாரும் இல்லை. இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரு நிலம், ஒரு துரோகம், கதை அவ்வளவுதான். கடைசிக் காட்சியைக் கல்வராயன் மலையில் எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை போட்டோம். கூட்டம் இல்லை. ஒரே வாரத்தில் தூக்குவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை மேட்டினிக்கு அதே மலையின் வெள்ளிமலை ஊரிலிருந்து ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். பழனியம்மாள் என்று பேர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழே சாமையும் கடுக்காயும் விற்க வருகிறவர். ஐந்தே காலுக்கு இரண்டு பேரும் எழுந்து ஓடிப்போனதை மேலிருந்து பார்த்தேன். அது எனக்குப் புதிதில்லை. மலைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. மேட்டினி முடிய ஐந்தரை தாண்டிவிடும். அதனால் மலை ஜனங்கள் எந்தப் படத்தையும் முடிவு வரை பார்த்ததில்லை. பாதியில் எழுந்து போகிறார்களே என்று முதலில் நான்கூட நினைத்ததுண்டு.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வந்தார், இந்த முறை நாத்தனாரோடு. மறுபடியும் ஐந்தே காலுக்கு எழுந்தார். ஆனால் நேராகப் பஸ்ஸுக்கு ஓடாமல் மாடிப்படி ஏறி கேபின் கதவைத் தட்டினார்.

“தம்பி, கடைசியில ஒரு பொம்பள தண்ணி குடுக்கற மாரி சீன் வருதா? இல்ல அறுத்துப் போட்டுட்டாங்களா?”

நான் அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நாலு நாளாக ஒரு நாளைக்கு நாலு முறை நான் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

“அம்மா, நீங்கதானா அது! வருதும்மா, நல்லா வருது. அந்த ஆளு ஓடியாறான், நீங்க சொம்புல...”

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “சொல்லாத, சொல்லாத! கதையச் சொல்லாத தம்பி. நான் இருக்கேனா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

“இருக்கீங்க.”

பின்னால் நின்ற நாத்தனார் விடவில்லை. “அந்தத் தம்பி சொன்னா ஆச்சா? கண்ணால பாத்தியா? ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிட்டா, நான் சினிமாவுல நடிச்சேன், சினிமாவுல நடிச்சேன்னு. ரெண்டு வாட்டி டிக்கெட் எடுத்தாச்சி. இவ தலமுடி ஒண்ணு காணோம்.”

“கடைசியிலதான் வருவேன்னு அவங்க அப்பவே சொன்னாங்கடி.”

“ஆமா, கடைசியில. நமக்குத்தான் எந்தப் படத்துக்கும் கடைசியே கெடையாதே.”

பழனியம்மாள் சொன்ன விவரம் இது. ஷூட்டிங்காரர்கள் ஒரே நாள் வந்து எடுத்தார்கள். தண்ணீர் ஊற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும். பதினாலு தரம் ஊற்றச் சொன்னார்கள். கதை என்ன, தண்ணீர் குடிக்கிறவன் யார், எதற்கு ஓடி வருகிறான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஊரில் நம்பியவர்கள் சிலர், நம்பாதவர்கள் பலர். வாரம் முடிந்து படம் போய்விட்டால் பிறகு நம்பாதவர்கள் மட்டும்தான்.

போனில் பிடித்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தியேட்டரில் படத்தைப் போனில் பிடிப்பது குற்றம். ஆப்பரேட்டரே அதைச் செய்தால் அவன் அங்கே உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தமே இல்லை. அந்த அம்மா கதையைக்கூடக் காதில் வாங்க மாட்டேன் என்றவர். அவருக்கு உள்ளங்கை அளவில் காட்டுவதா?

யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன்: “வியாழக்கிழமை வாங்கம்மா. முழுசா காட்டி பஸ்ஸுக்கு அனுப்பறேன்.”

அவர்கள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகுதான் கணக்குப் போட்டேன். இரண்டரைக்கு ஷோ. விளம்பரம் பன்னிரண்டு நிமிடம். படம் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். இடைவேளை பதினைந்து. கூட்டினால் ஐந்து முப்பத்து மூன்று. விளம்பரத்தைத் தொட முடியாது. எத்தனை மணிக்கு எது ஓடியது என்று விளம்பரக் கம்பெனிக்கு சர்வரே சொல்லிவிடும். ஷோவை முன்னாலேயே ஆரம்பித்தால், இரண்டரை என்று நம்பி வருகிறவனுக்கு ஆரம்பம் போய்விடும். இவர்களுக்கு முடிவு கொடுக்க அவர்களிடம் ஆரம்பத்தைப் பிடுங்குவது எந்த நியாயம்? மிச்சம் இருந்தது இடைவேளைதான். அதை எடுத்துவிட்டால் ஐந்து பதினெட்டுக்கு முடியும். பஸ் ஸ்டாண்டு பத்து நிமிட நடை.

புதன்கிழமை சாயங்காலம் ஜமால் சாரிடம் போனேன். நசீர் பாயும் அங்கே இருந்தார். அவர் ஜமால் சாரின் மச்சான்.

“எடவேள இல்லாமலா?” என்றார் நசீர் பாய். “அப்ப நான் இன்னாத்துக்கு சமோசா போடணும், மூஞ்சில பூசிக்கவா?”

“ரெண்டு பாட்ட தூக்கு மணி. பத்து நிமிசம் வந்துடும். எடவேளையும் இருக்கும்” என்றார் ஜமால் சார்.

“சார், அவங்க முழுப் படம் பாக்கணும்னு வராங்க. நானே வெட்டிட்டுக் காட்டினா அது முழுப் படமா?”

“யார கேட்டு வாக்கு குடுத்தீங்க, மணி சார்?”

‘ங்க’ வந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். “கேக்கலிங்க சார். தப்புதான். நம்ம ஹால்ல அவங்க வருஷக்கணக்கா டிக்கெட் எடுத்திருக்காங்க. ஒரு படத்துக்கும் முடிவு பாத்ததில்ல. ஒரே ஒரு படம் சார்.”

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “அவங்க எளுந்து போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பின்னாலயே உக்காந்துக்கினு கீறேன். படம் புடிக்காம போறாங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்.” கைக்குட்டையை மறுபடி காலருக்குள் செருகினார். “சரி. ஒண்ணு பண்ணு. டவுன் ஜனமும் காசு குடுத்துதான் வருது. நீயே முன்னால போய் நின்னு கேளு. அவங்க சரின்னா ஓட்டு. ஒருத்தர் வேணாம்னாலும் அவருக்குக் காச திருப்பிக் குடுத்துடறேன்.”

“கதவு சார்?”

“கதவும் முடியற வரைக்கும் தெறக்க வேணாம். ஏழுமல, கேட்டுக்கினியா?”

வாசலில் நின்றிருந்த ஏழுமலை அண்ணன், “கேட்டுக்கினேங்க” என்றார். மறுநாள் காதுகுத்துக்குப் போக வேண்டும், தன் மச்சான் முருகேசனை நிறுத்திவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னார். முருகேசன் கரும்பு லாரி ஓட்டுகிறவர், முன்பும் இரண்டு தடவை கதவில் நின்றவர். கதவு விஷயத்தை ஏழுமலை சொல்லிவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். ஆபீசில் சொல்லிவிடுவார்கள் என்று ஏழுமலை நினைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. ஒன்பது வருடத்தில் திரைக்கு முன்னால் நின்று நான் பேசியது அந்த ஒரே தடவைதான். விஷயத்தைச் சொன்னேன்: மலையிலிருந்து வந்திருக்கிறார்கள், கடைசிக் காட்சியில் இவர்களில் ஒருவர் நடித்திருக்கிறார், கடைசி பஸ் ஐந்தரைக்கு, இடைவேளை இல்லாமல் ஓட்டட்டுமா?

“ஒண்ணுக்கு வந்தா?” என்று ஒரு குரல்.

“இப்பவே போயிட்டு வந்துடுங்கண்ணே.”

“இப்ப வரலியே!”

ஹால் சிரித்தது. இரண்டாவது வரிசையில் வயதான ஒருவர் எழுந்து, “எனக்கு சக்கர. நடுவுல எளுந்து போவேன். என்னிய பாக்காம படத்த ஓட்டு” என்றார். ஒரு ஆள்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. “யாருப்பா அது நடிகை? கை தூக்கச் சொல்லு!” என்றார்கள். பழனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாத்தனார் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்: “இவதான். வந்தா பாப்பம்.”

இந்தப் பேச்சில் நாலு நிமிடம் போனது. இரண்டு முப்பத்து நாலுக்கு ஆரம்பித்தேன். ஐந்து இருபத்திரண்டுக்கு முடியும். வேகமாக நடந்தால் பஸ் கிடைக்கும். வழக்கமாக இடைவேளை விடும் இடம் வந்தது. விளக்கு வரவில்லை. படம் நிற்காமல் ஓடியது. நசீர் பாய் ஹால் கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து பதினைந்துக்கு அண்ணன் தம்பி சண்டை முடிந்தது. சங்கீதம் மாறியது. மலைப்பாதை வந்தது. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து மேற்குப் பக்கம் நாலு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. வெயில் உள்ளே பாய்ந்தது. திரை வெள்ளை வேட்டியாகிவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது, உருவம் ஒன்றும் இல்லை. டவுன் ஜனம் பழக்கதோஷத்தில் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது.

ஓடுகிற படத்தை ஆப்பரேட்டர் தானாக நிறுத்தக் கூடாது. அது எங்கள் தொழிலில் முதல் விதி. நான் நிறுத்தினேன்.

படம் நின்றால் ஹாலில் பேசுவது கேபினுக்கு நன்றாகக் கேட்கும். ஜமால் சார் கதவுப் பக்கம் ஓடினார். “யாருய்யா தெறந்தது?”

“நான்தாங்க. சண்ட முடிஞ்சி மியூசிக் மாறனா தெறக்கச் சொல்லி மச்சான் முந்தாநாளே சொல்லியிருக்காரு. சொன்னபடிதான் செஞ்சேன்” என்றார் முருகேசன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் எத்தனை வருடமாகச் செய்துவந்ததோ அதைத்தான் அவர் ஒழுங்காகச் செய்தார். ஆனால் திறப்பதற்குச் சுலபமான கதவுகள், மூடுவதற்கு இல்லை. வெளியே போனவர்கள் உள்ளே வர வேண்டும், தாழ்ப்பாளை மேலேயும் கீழேயும் போட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூடி, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓட்டினால் ஐந்து முப்பதுக்குத்தான் முடியும். பஸ் போய்விடும். அப்படியே ஓட்டினால் பஸ் கிடைக்கும், அந்த அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு ஏறுவார்.

ஜமால் சார் மலை ஜனங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்து குனிந்தார். “அம்மா, கதவ மூடிட்டு ஓட்டினா பஸ் போயிடும். ஓட்டட்டுமா, கெளம்பறீங்களா?”

எல்லோரும் பழனியம்மாள் பக்கம் திரும்பினார்கள். பழனியம்மாள் வீட்டுக்காரர் மட்டும், “ஆடு கட்டிக் கெடக்குது” என்று மெதுவாகச் சொன்னார்.

பழனியம்மாள் எழுந்திருக்கவில்லை. “ஆடு நாளைக்கும் இருக்கும். பஸ்ஸு நாளைக்கும் வரும். இது நாளைக்கு வராது சார். கதவ மூடுங்க.”

ஜமால் சார் நிமிர்ந்து கேபினைப் பார்த்தார். திரையைப் பார்க்காமலேயே உட்கார்ந்து பழகிய மனிதர். “மணி, சண்டைக்கு முன்னாலேருந்து போடு” என்றார். பிறகு முருகேசனோடு சேர்ந்து அவரே நாலு கதவையும் மூடித் தாழ்ப்பாள் போட்டார். எழுந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்று அவரும் தன் நாற்காலிக்குப் போகவில்லை. மலை ஜனங்களின் வரிசை ஓரத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

மறுபடி சண்டை. மறுபடி சங்கீதம். மலைப்பாதையில் அவன் ஓடி வருகிறான். அண்ணனை ஏமாற்றி, நிலத்தை எழுதி வாங்கி, அண்ணன் வூட்டுக்கே தீ வைத்துவிட்டு ஓடுகிறவன். தாகத்தில் நாக்கு தொங்க ஒரு வூட்டு வாசலில் நிற்கிறான். கதவு திறக்கிறது. பழனியம்மாள் சொம்போடு வருகிறார். அந்த முகம் சுவர் அளவுக்கு விரிகிறது. ஊற்றுகிறார். “குடிச்சிட்டுப் போ. மேல தண்ணி கெடையாது” என்கிறார்.

ஹாலில் ஒரு இருமல் இல்லை. முதலில் வந்த சத்தம் நாத்தனாருடையது: “அடியே, அது நம்ம சொம்புடி!”

அடுத்த நொடி பழனியம்மாள் சீட்டைவிட்டு எழுந்துவிட்டார். “அடப் பாவி! இவனா? கூடப் பொறந்தவன் வூட்ட கொளுத்திட்டு வந்தவனுக்கா நான் தண்ணி ஊத்தனேன்? பதினாலு வாட்டி! தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டு ஊத்தியிருப்பனா!”

டவுன் ஜனம் விசிலடித்தது. “விடும்மா, அவன் நல்லா இருக்க மாட்டான்!” என்றார் சர்க்கரைக்காரப் பெரியவர். பேர் ஓடி முடிகிற வரைக்கும் ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. பேர்களில் கடைசிக்கு முன்னால் ‘வெள்ளிமலை பழனியம்மாள்’ என்று வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் கேபினின் பார்வை ஜன்னலைத் திறந்து சத்தமாகப் படித்தேன். படம் காட்டுவதற்கு எதற்குப் படிப்பு என்று அப்பா கேட்டதற்கு மறுநாள் ஊருக்குப் போய் இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

அன்றைய நோட்டில் எழுதியது இது: ‘ஆப்பரேட்டர் படத்தை நிறுத்தினார். காரணம்: கதவு.’ ஜமால் சார் அதற்குக் கீழே தன் கையால் ‘மேனேஜர் உத்தரவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மேட்டினி இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. கட்டடத்தை இடிக்கிற வரைக்கும் படம் முடியாமல் அந்தக் கதவுகள் திறக்கப்படவில்லை. தம்பிகளே, கெடாமல் பார்த்துக்கொண்டேன் என்று நான் சொன்னது இதைத்தான்.

பஸ் போய்விட்டது. இருபத்து மூன்று பேரையும் மலைக்கு அனுப்ப இரண்டு ஜீப் பேச வேண்டியிருந்தது. ஜீப் வரும் வரைக்கும் நசீர் பாய் மீந்த சமோசாவை எல்லோருக்கும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஓனர் போனில், “ஜீப் செலவா? எதுக்குய்யா?” என்று கேட்டார். “க்ளைமாக்ஸுக்குங்க” என்றார் ஜமால் சார். ஓனர் தர முடியாது என்று வைத்துவிட்டார். ஜமால் சாரும் நசீர் பாயும் நானும் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு போட்டோம். மொத்தம் மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.